பத்தொன்பதாம் விதி

உங்க மஞ்சப்பையக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா சார்? ஆங், இப்ப சரி. என் பைய நான் கீழ வெக்க மாட்டேன். உள்ள கோட்டு இருக்கு, கம்பளிக் கோட்டு. பங்குனி வெயில்ல கம்பளிக் கோட்டான்னு கண்டக்டரே ஒரு மாதிரி பாத்தான். அவனுக்கு என்ன தெரியும்? இது இங்க போட்டுக்கறதுக்கு இல்ல. ஜப்பானுக்கு.

இல்ல, நான் போகல. அதைத்தான் சொல்ல வரேன்.

கடலையா? வேணாம் சார், நீங்க சாப்பிடுங்க. அடுத்தவங்க பொட்டலத்துல நான் கை வெக்கறதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, அது ஒரு ஒழுங்கு. சிங்கப்பெருமாள் கோயில்ல தணிகாசலம்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அந்தாளு ஒழுங்குக்குப் பொறந்தவன்னு. ஒரகடத்துல ஒரு ஜப்பான் கம்பெனியில பதினோரு வருஷம் ஸ்டோர்ஸ் பாத்தேன். ஒரு நட்டு வேணும்னாலும் சீட்டு குடுத்தாத்தான் என் கையிலேர்ந்து வெளிய போகும். மேனேஜரே வந்து நின்னாலும் சீட்டு. அவரவர் சீட்டு, அவரவர் சாமான், அவரவர் பொறுப்பு. ஜப்பான்ங்கறதே அதுதான் சார். மத்ததெல்லாம் அப்புறம்.

ரிட்டயர் ஆனதும் எங்க ஊர்லயே உதயகிரி பயிற்சி மையத்துல சேந்தேன். பொண்ணுங்களுக்கு ஜப்பான் பாஷை சொல்லிக்குடுத்து அங்க அனுப்பற எடம். அங்க வயசானவங்க அதிகம், பாத்துக்க ஆளில்ல. முதியோர் இல்லத்துல சோறு ஊட்டறது, குளிக்க வெக்கறது, கைப்பிடிச்சு நடத்தறது, அந்த வேலைக்கு நம்ம பொண்ணுங்க போறாங்க. பாஷைக்கு வேற டீச்சர். நான் பண்பாட்டுப் பயிற்றுநர். எப்படிக் குனியணும், எப்படி நிக்கணும், எப்படிச் சாப்பிடணும், எல்லாம் என் டிபார்ட்மென்ட்.

ஜப்பானுக்குப் போயிருக்கீங்களான்னு கேக்கறீங்க. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. நிலாவப் பத்திப் பாடம் நடத்தற வாத்தியார் நிலாவுக்குப் போய்ட்டு வந்தாரா? போகல சார். ஆனா போகணும்னு ஆசை. எனக்கு ஆசைன்னு இருந்தது அது ஒண்ணுதான், மறைக்கறதுக்கு என்ன இருக்கு? பதினோரு வருஷம் அந்த ஊர்லேர்ந்து சாமான் பெட்டி பெட்டியா வரும். நான்தான் பிரிப்பேன். உள்ள கசக்கி வெச்சிருக்கற காகிதம் இருக்கு பாருங்க, அதை எடுத்து மோந்து பாப்பேன். யாரும் இல்லாதப்பதான். யாரோ ஒருத்தன் அங்க ஒக்காந்து அவ்வளவு அழகா கட்டியிருப்பான் அந்தப் பெட்டிய. ஒரு தடவயாவது போய் அந்த எடத்தப் பாத்துட்டு வந்துடணும், அவ்வளவுதான்.

போன ஆவணியில தாளாளர் கோதண்டம் சார் கூப்பிட்டார். "தணிகாசலம், மொரிதான்னு ஒரு அம்மா வர்றாங்க. நீகாத்தாங்கற ஊர்ல முதியோர் இல்லம் நடத்தறாங்க. இந்த பேட்ச் பன்னெண்டு பொண்ணுங்கள்ல ஆள் எடுக்கப் போறாங்க. இன்டர்வியூ கிடையாதாம். எல்லாரும் சேந்து ஒக்காந்து நாபே சாப்பிடணுமாம். நீங்க பொண்ணுங்களுக்குப் பழக்கி விடுங்க. நல்லபடியா நடந்தா, பொண்ணுங்களுக்குத் துணையா மூணு மாசம் இங்கேர்ந்து ஒரு ஆள் போகணும். நீங்கதான் போறீங்க"ன்னார்.

எனக்குக் கை ஓடல, கால் ஓடல. அன்னிக்கே தாம்பரம் போய் நேபாளிக் கடையில இந்தக் கோட்ட வாங்கிட்டேன். தெருவுல சொல்லிட்டேன். சலூன்ல சொல்லிட்டேன். வீட்ல மட்டும், "போறப்ப பாத்துக்கலாம், மொதல்ல கேஸ் புக் பண்ணுங்க"ன்னா. அவளுக்கு எதுலயும் ஒரு உற்சாகம் கிடையாது.

நாபேன்னா என்னன்னு கேளுங்க. கேக்க மாட்டேங்கறீங்களே. நடுவுல ஒரு அடுப்பு. அடுப்பு மேல பானை. பானையில கடற்பாசி போட்டுக் கொதிக்கற சாறு. சுத்தி ஒக்காந்துக்கிட்டு கோஸ், காளான், வெங்காயத்தாள், சோயாக் கட்டி, மெல்லிசா சீவின கறின்னு ஒண்ணொண்ணாப் போட்டு, வேக வேக எடுத்து, புளிப்பா ஒரு சாஸ்ல தொட்டுச் சாப்பிடறது. கடைசியில மிச்சச் சாறுல சோத்தப் போட்டு ஒரு கிண்டு. குளிர் நாட்டு சாப்பாடு. ரசமான்னு கேக்காதீங்க சார், ப்ளீஸ். ரசம்னு சொன்ன ஒரு பொண்ண நான் அரை மணி நேரம் நிக்க வெச்சேன்.

இந்த விஷயத்துல எனக்குப் பட்டமே இருக்கு. ஒரகடத்துல ஒரு வருஷக் கடைசி விருந்துல ஜப்பான் மேனேஜர்ங்க பானை வெச்சாங்க. நான் பக்கத்துல நின்னு, கோஸ இப்பப் போடாதீங்க, கறிய இப்ப எடுங்க, நுரைய வழிச்சு ஊத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். முன்னபின்ன பாத்ததில்லதான். பாத்தாத் தெரியாதா? பெரிய மேனேஜர் என் தோள்ல தட்டி, "தணிகா சான், நாபே புக்யோ!"ன்னார். எல்லாரும் எழுந்திரிச்சுக் கைதட்டினாங்க. புக்யோன்னா ராஜா காலத்துல நீதிபதி மாதிரி ஒரு பதவியாம். பானைக்கே நீதிபதி நான். அன்னிக்குச் சாப்பிட்டேனான்னா, சாப்பிடல. வியாழக்கிழம, நான் ஒருபொழுது. ஆனா வாசனை முழுக்க என் மேலதான் அடிச்சுது.

என்ன டிராபிக்கு பாருங்க. மறைமலை நகர் தாண்டறதுக்குள்ள பொழுது போயிடும். ஏழு மணிக்கு எங்க மையத்துப் பொண்ணுங்க ஏர்போர்ட்டுக்குள்ள போயிடுவாங்களாம். பரவால்ல, இப்ப மூணரைதானே.

ஆங், பயிற்சி. மூணு வாரம் சார். இருபத்தேழு விதி எழுதி, லேமினேஷன் பண்ணி, வகுப்புல மாட்டினேன். சாப்பிடற குச்சிய சோத்துல நட்டு வெக்கக் கூடாது, அது அந்த ஊர்ல சாவுக்குச் செய்யறது. குச்சியிலேர்ந்து குச்சிக்குக் குடுக்கக் கூடாது, அதுவும் சாவுக்குத்தான். இதெல்லாம் வீடியோவுல இருக்கு. மீதி என் அனுபவத்துலேர்ந்து எழுதினது. பதினோராம் விதி, பானையப் பாத்துப் பேசக் கூடாது. பதினாலாம் விதி, ஒரு நேரத்துல ஒரு காய்தான். பத்தொன்பதாம் விதி எனக்கே ரொம்பப் பிடிச்சது: அடுத்தவர் கிண்ணத்தைத் தன் கையால் நிரப்பக் கூடாது, அவரவர் கிண்ணம் அவரவர் பொறுப்பு. காலைல வந்ததும் பன்னெண்டு பேரும் எழுந்து நின்னு இருபத்தேழையும் ஒப்பிக்கணும்.

செயல்முறையும் உண்டு. ஒரு குண்டான்ல பச்சத் தண்ணி ஊத்தி, சாக்பீஸ ஒடச்சுப் போட்டு, குச்சியால எடுக்கச் சொன்னேன். வெள்ள சாக்பீஸ் சோயாக் கட்டி, பச்ச சாக்பீஸ் கோஸ், செகப்பு கறி. நிஜக் காய் போட்டா அதுங்க சாப்பிட்டுடும் சார், கவனம் சிதறிடும். ரெண்டாவது வாரம் தண்ணியே கலர் மாறிப் போச்சு, அப்பவும் விடல நான்.

அந்த பேட்ச்ல பேச்சிக்கனின்னு ஒருத்தி. சங்கரன்கோயில் பக்கம். கெட்டிக்காரிதான், பாஷையில மொத மார்க்கு. ஆனா வாய். குண்டானச் சுத்தி எல்லாரும் மூச்சு விடாம நிக்கறப்ப கேக்கறா, "சார், இத நாம எப்பம் சாப்பிடுவோம்?"

"மொதல்ல தியரி"ன்னேன்.

"நீங்க சாப்பிட்டிருக்கீகளா சார்?"

என்ன கேள்வி இது? வெளிய நில்லுன்னேன். போய் நின்னா. நின்னவ சும்மா நின்னாளா? சமையக்கட்டுக்குப் போய் குணவதியம்மாகூட வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. குணவதியம்மா எங்க மையத்துச் சமையல்காரம்மா. அம்பது வயசு இருக்கும். புருஷன் இல்ல. எதையும் எழுதி வெச்சுக்காது, எல்லாம் கைக்கணக்கு. எத்தன தடவ சொல்லியிருப்பேன், ஒரு சீட்டு போட்டு வெச்சுக்கம்மான்னு? "யாரு சாப்பிட்டாங்க, யாரு சாப்பிடலைன்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியுது, சீட்டு எதுக்கு சார்?"னு கேக்கும். படிக்காதவங்ககிட்ட வாதம் பண்ண முடியுமா?

இதுல நாபேக்குக் குறிச்ச நாள் பாருங்க, புரட்டாசி மூணாம் சனிக்கிழம. மொரிதா அம்மாவுக்கு அன்னிக்குத்தான் ப்ளேன் இருந்துதாம். பன்னெண்டுல ஏழு பேர் புரட்டாசி சனிக்கு சுத்த சைவம். ரெண்டு பேர் எப்பவுமே முட்டைவரைக்கும்தான். ஒருத்திக்கு வெங்காயம் பூண்டே ஆகாது. மிச்சப் பேருக்குக் கறி இல்லாட்டி முகம் சுண்டிடும். அதுக்கு மேல ஒருத்தி எழுந்து, "ஒரே பானையில பன்னெண்டு குச்சி வுட்டா எச்சி இல்லியா சார்?"னு கேட்டுட்டா. நியாயமான கேள்விதானே?

யோசிச்சேன் சார். ஸ்டோர்ஸ் மூளை சும்மா இருக்குமா? பிரிச்சுட்டேன். சைவத்துக்கு ஒரு பானை. அசைவத்துக்கு ஒரு பானை. முட்டைக்கு ஒண்ணு. வெங்காயம் பூண்டு இல்லாததுக்கு ஒண்ணு. மொரிதா அம்மாவுக்குத் தனியா ஒண்ணு, விருந்தாளியாச்சே. ஆகமொத்தம் அஞ்சு பானை, அஞ்சு கரன்ட் அடுப்பு. பன்னெண்டு கரண்டி, கைப்பிடியில கலர் கலரா நூல், நூலோட பேர்ச்சீட்டு. யார் எச்சிலும் யார்மேலயும் படாது. எந்த நாட்டுலயாவது நாபேவ இவ்வளவு சுத்தமாப் பண்ணியிருப்பானா? நீங்களே சொல்லுங்க.

அன்னிக்கு மொரிதா அம்மா வந்தாங்க. எழுவது வயசு இருக்கும், ஒல்லியா, குட்டையா, காலுல சாதா கேன்வாஸ் ஷூ. என் சட்டையில பேட்ஜ் குத்தியிருந்தேன். "தணிகாசலம், நாபே புக்யோ"ன்னு ஜப்பான் எழுத்துல, பாஷை டீச்சர்கிட்ட எழுதி வாங்கினது. படிச்சாங்க பாருங்க! கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. அப்படி ஒரு சந்தோஷம். என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. பேச்சிக்கனி அப்புறம் வந்து மெதுவாச் சொல்றா, "சார், அது பட்டம் இல்ல சார். பானைகிட்ட ஒக்காந்து எல்லாரையும் அதிகாரம் பண்ற ஆளைக் கேலியாச் சொல்றது." பொறாமை. டீச்சரும் அதையேதான் சொன்னாங்க. அவங்களுக்கும் பொறாமை.

ஹால்ல அஞ்சு மேசை. பொண்ணுங்க வரிசையா ஒக்காந்தாங்க. ஒரு சத்தம் இல்ல, யாரும் பானையப் பாக்கல, ஒரு குச்சி அசையல. மொரிதா அம்மா தன் பானை முன்னாடி தனியா ஒக்காந்திருந்தாங்க. அந்தப் பக்கம் பாக்கறாங்க, இந்தப் பக்கம் பாக்கறாங்க. ஏதோ கேட்டாங்க. பேச்சிக்கனி எழுந்து, "இவங்க நம்மகூட எப்ப வந்து ஒக்காரலாம்னு கேக்காங்க சார்"னா. அந்த ஊர்ல மரியாதைக்கு அப்படிக் கேப்பாங்க. அங்கயே இருக்கட்டும்னு கை காமிச்சேன்.

"இட்டதாக்கிமாஸ்"னு சாப்பாட்டு வணக்கம் சொல்லிட்டு அஞ்சு அடுப்பையும் ஒரே நேரத்துல போடச் சொன்னேன். ஒரே நேரத்துல போட்டாத்தானே பாக்க நல்லா இருக்கும்? அஞ்சும் ஒரே போர்டுல இருந்து எடுத்தது. டப்புனு ஒரு சத்தம். ஃபியூஸ் போச்சு. அடுப்பு போச்சு, ஃபேன் போச்சு, எலெக்ட்ரீஷியன் திருப்பதிக்குப் போயிருக்கானாம். புரட்டாசி புழுக்கம் சார். பன்னெண்டு பொண்ணும் வேர்த்து வடியுது, அஞ்சு பானையிலயும் வெதுவெதுன்னு தண்ணி, அதுல கோஸ் மொதக்குது. கோதண்டம் சார் என்னைப் பாத்த பார்வை இருக்கே. என் கோட்டு, நான் பிரிச்ச ஜப்பான் பெட்டிங்க, எல்லாம் கண் முன்னாடி வந்து நின்னுது. பொய் சொல்லல.

அப்பப் பாத்து குணவதியம்மா சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பாக்குது. "என்ன சார், எல்லாம் பட்டினியா ஒக்காந்திருக்கீங்க? என் கேஸ் அடுப்பு இருக்கே"ன்னு சொல்லிட்டு, யாரையும் கேக்கல, சீட்டு இல்ல, உத்தரவு இல்ல, சின்ன சிலிண்டரத் தூக்கியாந்து ஹால் நடுவுல தரையில வெச்சுது. பெரிய பாத்திரத்த ஏத்துச்சு. "இன்னிக்கு சனிக்கிழம. கோழி நாளைக்கு இருக்கட்டும், வெங்காயமும் வேணாம். எல்லாரும் காய் சாப்பிட்டா ஒரு பானை போதும்ல? யாரும் குச்சிய உள்ள விடாதீங்க, இந்தாங்க, ஒரே பொதுக் கரண்டி"ன்னுது.

மூணு வாரம் சார். மூணு வாரம் நான் அஞ்சு பானையா பிரிச்சு வரைபடம் போட்டேன். அந்தம்மா ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டுது. இதுக்குப் பேரு திட்டமா? திட்டமே இல்ல!

மொரிதா அம்மா நாற்காலிய விட்டு எறங்கித் தரையில சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாங்க. பொண்ணுங்க சுத்தி ஒக்காந்துச்சு. சாறு கொதிக்க ஆரம்பிச்சதும் எல்லா விதியும் காத்துல போச்சு. பதினொண்ணு போச்சு, ஒவ்வொருத்தியும் பானையப் பாத்துக்கிட்டே பேசறா. பதினாலு போச்சு, கோஸும் காளானும் ஒண்ணாக் கொட்டறா. ஒருத்தி அந்தம்மாவுக்கு ஊறுகாய் குடுக்கறா, அவங்க ஊஊன்னு ஊதிக்கிட்டு சிரிக்கறாங்க, இன்னும் கேக்கறாங்க. ஒருத்தி தன் ஆயாவுக்குக் கால் வராம கெடந்ததையும் தூக்கித் தூக்கி ஒக்கார வெச்சதையும் ஒடஞ்ச ஜப்பான் பாஷையில சொல்றா, அந்தம்மா அவ கையப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறாங்க. நான் சுத்திச் சுத்தி வந்து, "விதி! விதி!"ன்னு காதுல சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருத்தி காதுலயும் ஏறல. பசி சார் அதுங்களுக்கு. மூணு வாரமா சாக்பீஸப் பாத்த பசி.

கடைசியில மிச்சச் சாறுல சோத்தப் போட்டுக் கிண்டினாங்க. எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க. அப்ப பேச்சிக்கனி தலையத் தூக்கி ஒரு சுத்து பாத்தா. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டு வந்தவ, என்கிட்ட வந்ததும் நின்னுட்டா.

"சார், நீங்க ஒரு வாய்கூடச் சாப்பிடலியே?"

எழுந்திரிச்சுக் கிண்ணத்துல ஊத்தி, தூக்கிக்கிட்டு என்கிட்ட வர்றா. வர்ற வழியில ஊதி ஊதி ஆத்திக்கிட்டு வர்றா. விருந்தாளி முன்னாடி! பத்தொன்பதாம் விதி, எல்லாத்துலயும் முக்கியமான விதி! எனக்கு வந்துது பாருங்க கோவம். "அறிவிருக்கா? அவரவர் கிண்ணம் அவரவர் பொறுப்புன்னு எத்தன தடவ ஒப்பிச்சே? போய் ஒக்காரு!"ன்னு கத்திட்டேன். ஹாலே திரும்பிப் பாத்துது. அவ அசையல. "சாப்பிட்டுட்டு ஏசுங்க சார், ஆறிப் போவும்"னு கிண்ணத்த என் கையில வெச்சு, என் விரல மடக்கி விட்டுட்டுப் போனா. மொரிதா அம்மா குச்சியக் கீழ வெச்சுட்டு எங்களயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நோட்டெடுத்து ஏதோ எழுதினாங்க. சரி, இவளுக்கு மார்க்கு போச்சுன்னு நெனச்சேன். பாவமாக்கூட இருந்துது.

மறுநாள் கோதண்டம் சார் கூப்பிட்டார். ஆறு பேர எடுத்திருக்காங்க. மொத பேர் யாருன்னு நெனைக்கறீங்க? அவதான். விதிய ஒடச்சவ! மனப்பாடமா இருபத்தேழையும் ஒப்பிச்ச பொண்ணுங்க ரெண்டு பேர் அடுத்த தடவ பாக்கலாம்னு நிக்கறாங்க. இது நியாயமா?

"துணைக்குப் போறது சார்?"னு கேட்டேன். அவர் பேப்பரப் பாத்துக்கிட்டே சொல்றார், "மொரிதா அம்மா ஒரு ஆளைக் கேட்டிருக்காங்க தணிகாசலம். எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பாக்கற ஆள் வேணுமாம். குணவதியம்மாவ அனுப்பச் சொல்றாங்க."

என்ன சார் இது? எல்லாரும் சாப்பிடறத மூணு வாரம் நின்னு பாத்தது யாரு? நானா, அந்தம்மாவா? கேட்டேன். நேருக்கு நேர் கேட்டேன். அவர் டீ சாப்பிடறீங்களான்னார்.

ஆறு மாசம் ஆச்சு, விசா எல்லாம் வந்து இன்னிக்குப் போறாங்க. குணவதியம்மா மொத தடவ பாஸ்போர்ட் எடுத்துச்சு. போட்டோவுல கண்ண மூடிடுச்சுன்னு மூணு தடவ எடுத்தாங்களாம். நேத்து பேச்சுவாக்குல, "குளிருக்கு என்னம்மா வெச்சிருக்கே?"ன்னு கேட்டேன். ரெண்டு சால்வை இருக்குன்னுது. நீகாத்தாவுல இன்னும் பனி கெடக்கு சார், எனக்குத் தெரியும், தினம் அந்த ஊர் வானிலை பாக்கறேன். சால்வைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? வீட்ல அவதான் சொன்னா, "அந்தக் கோட்டு பீரோவுல எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு, குடுத்துட்டு வாங்க"ன்னு. அவ சொன்னாளேன்னுதான் எடுத்துட்டுப் போறேன். குடுக்கல, கடன்தான். மூணு மாசத்துல திருப்பித் தரணும். கம்பளில பூச்சி வராம பாத்துக்கணும்னு அதையும் ஒரு சீட்டுல எழுதியிருக்கேன்.

விதிகளும் கோட்டுப் பாக்கெட்டுல இருக்கு. அங்க போய் ஒட்டிக்கிட்டா உபயோகமா இருக்கும்ல? பத்தொன்பத மட்டும் அடிச்சுட்டேன். எழுத்து சரியாத் தெரியல அதுல. அதனாலதான்.

அந்தக் கிண்ணமா? என்ன பண்ணேன்னா கேக்கறீங்க? கையில வெச்சுட்டாளே, கீழ கொட்ட முடியுமா? ஸ்டோர் ரூம் பக்கம் போய் நின்னு சாப்பிட்டேன். ஆறாமலும் இல்ல, சுடாமலும் இல்ல, சரியான பதத்துல இருந்துது. ஊதிக்கிட்டே வந்தாளே. கஞ்சிதான் சார் அது. உப்பு கொஞ்சம் கம்மி. எங்கம்மா போனப்புறம் சாப்பிட்டியான்னு என்னை யாரும் கேட்டதில்ல. வீட்ல கேப்பா, ஆனா அது பாத்திரம் கழுவணும்னு கேக்கறது. நான் முழுசா சாப்பிட்டேன். கிண்ணத்த வழிச்சேன்னே வெச்சுக்கங்க. அழுகை வந்துடுச்சு சார், எதுக்குன்னு தெரியல. புகைன்னு நெனச்சேன், கேஸ் அடுப்புல புகை ஏது?

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழம வீட்ல நானே வெச்சுப் பாத்தேன். கடற்பாசி, காளான், எல்லாம் முறையா. வீட்ல அவ வேணாம்னுட்டா. தனியாத்தான் ஒக்காந்தேன். ஒரு பானை, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. இருபத்தேழு விதியில ஒண்ணு தப்பல. பாருங்க, வாய்ல வெக்க முடியல. எதுல தப்பு பண்ணேன்னு இன்னிவரைக்கும் பிடிபடல. கடற்பாசி பழசா இருக்கும்.

வண்டலூர் வந்துடுச்சா? தாம்பரத்துல எறங்கி மாறணும். நேரத்துக்குப் போயிடுவேன். பேச்சிக்கனிய உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாத்தாப் போதும். திட்டறதுக்கு இல்ல. காலைலேர்ந்து அலைஞ்சிருக்கும் அது, சாப்பிட்டியான்னு கேக்கணும். வேற ஒண்ணும் இல்ல.

ஏன் சார், அந்தக் கடலை இன்னும் இருக்கா? ரெண்டு குடுங்க. இல்ல இல்ல, தனியாக் கையில கொட்ட வேணாம். பொட்டலத்த இப்படிப் பிடிங்க, நானே எடுத்துக்கறேன். நீங்களும் எடுங்க. ஆனா ஒண்ணு சார், நீங்க தோலோட மெல்லறீங்க, ஆரம்பத்துலேர்ந்து பாத்துக்கிட்டே வரேன். அப்படிச் சாப்பிடக் கூடாது. இங்க பாருங்க, நான் எப்படித் தேய்க்கறேன்னு கவனிங்க.